பேப்பரில் வந்த வெள்ளம்: பழையாற்றுக் கடைவரம்பில் ஒரு பத்து

ஜூன் மாதம் இரண்டாவது வாரம். பேச்சிப்பாறை அணையில் இத்தனை அடி, பெருஞ்சாணி அணையில் இத்தனை அடி, பாசனத்துக்கு இத்தனை கன அடி திறப்பு என்று மாவட்டச் செய்தி வந்து பத்து நாளாகியிருந்தது. சென்னையிலிருந்து மாமாவுக்குப் போன் செய்து, "வெள்ளம் வந்தாச்சா மாமா?" என்று கேட்டேன்.

"பேப்பர்ல வந்தாச்சு மக்களே. மடைக்கு வரல்ல."

எங்கள் பக்கம் தண்ணீருக்கே வெள்ளம் என்றுதான் பெயர். குடிக்கிறதும் வெள்ளம், குளிக்கிறதும் வெள்ளம். வயல்வெளியின் ஒரு தொகுதிக்குப் பத்து என்று பெயர். கால்வாயைச் சானல் என்போம். சானல் கடைசியாகப் போய்ச் சேரும் இடம் கடைவரம்பு. எங்கள் ஊர்ப் பத்து கடைவரம்பில் இருக்கிறது. ஊர்ப் பெயரை எழுதவில்லை, சொந்தக்காரர்கள் படிப்பார்கள். கன்னியாகுமரி மாவட்டத்துத் தோவாளை தாலுகாவில், பழையாற்றங்கரையிலிருந்து நடந்துபோகிற தூரத்தில் இருக்கிறது என்ற அளவு போதும்.

நான் பள்ளிக்கூடம் போன நாளில் அந்தப் பத்து முழுக்க நெல். இன்று வரப்பில் நின்று பார்த்தால் ஏறத்தாழ பாதிதான் நெல். மீதியில் வாழை, தென்னை, அப்புறம் வரிசையாகக் கல் நட்ட மனை. ஏன் இப்படி ஆயிற்று என்று ஊரில் யாரிடம் கேட்டாலும் "தண்ணி இல்ல" என்பார்கள். நானும் பல வருடம் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது எனக்கு அது பாதிதான் சரி என்று படுகிறது. தண்ணீர் வருகிறது. வருகிற நாள்தான் நம்ப முடியாததாகிவிட்டது. நெல்லுக்கு அளவைவிட அந்த நாள்தான் முக்கியம்.

இரவல் ஆறு

முதலில் நிலம். வடக்கே தாடகை மலை, மல்லாந்து படுத்திருக்கும் பெண்ணைப் போல. வடகிழக்கே மகேந்திரகிரி, 1,600 மீட்டருக்கு மேல். கிழக்கே மலை ஒதுங்கி வழிவிடும் ஆரல்வாய்மொழி கணவாய். ஆனி, ஆடியில் அந்த வழியாகப் பாயும் காற்றை நம்பித்தான் முப்பந்தலில் காற்றாலைகள் நிற்கின்றன. மேற்கே மலையடிவாரத்தில் நசநசவென்று மழை பெய்துகொண்டிருக்கும்போது ஆரல்வாய்மொழிப் பக்கம் புழுதி பறக்கும். எங்கள் ஊர் இரண்டுக்கும் நடுவில். மழையும் உண்டு, காற்றும் உண்டு, எதையும் முழுசாக நம்ப முடியாது.

ஊர்ப் பெயர்களைப் பார்த்தாலே மண் தெரியும். தாழக்குடி, வீரநாராயணமங்கலம், ஈசாந்திமங்கலம், திருப்பதிசாரம், தேரூர், சுசீந்திரம்: இவை பழைய நஞ்சை ஊர்கள், கோயிலும் குளமும் உள்ளவை. மேற்கே கல்குளம், விளவங்கோடு பக்கம் போனால் விளை என்றும் கோடு என்றும் முடியும் பெயர்கள் கூட்டமாக வரும். விளை என்றால் மேட்டு நிலம். அங்கே மரவள்ளி, தென்னை, பின்னாளில் ரப்பர். ரப்பருக்குச் சானல் வேண்டாம்.

பழையாறு மலையில் பிறந்து, நாஞ்சில் நாடு என்ற எங்கள் பகுதிக்குள் வளைந்து வளைந்து வந்து, மணக்குடியில் கடலில் சேர்கிறது. ஆனால் இந்த ஆற்றின் சொந்தத் தண்ணீர் இவ்வளவு நஞ்சைக்குப் போதாது. பக்கத்துப் பரளியாற்றிலிருந்து திருப்பிக் கொண்டுவந்த தண்ணீரால்தான் நாஞ்சில் நாடு விளைந்தது. அதைத் திருப்ப வெட்டிய வாய்க்காலுக்குப் பாண்டியன் கால் என்று பெயர். பாண்டியர் காலத்தது என்று சொல்வார்கள். 18ஆம் நூற்றாண்டில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா காலத்துப் புத்தன் அணை. பிறகு கோதையாற்றில் பேச்சிப்பாறை அணை, மூலம் திருநாள் ஆட்சியில் 1897இல் தொடங்கி 1906இல் முடிந்தது. கட்டிய என்ஜினியர் மிஞ்சின் துரையை ஊர்க்காரர்கள் மூக்கன் துரை என்றார்கள். 1953இல் பெருஞ்சாணி. பேச்சிப்பாறை 48 அடி, பெருஞ்சாணி 77 அடி என்பது எங்கள் பக்கத்துக் கிழவர்களுக்கு வாய்ப்பாடு மாதிரி. சொந்தப் பேரனின் வயதை மறந்தாலும் இதை மறக்கமாட்டார்கள்.

ஆக, எங்கள் ஊர் குடிப்பது இரவல் தண்ணீர். அதுவும் மற்ற எல்லோரும் குடித்து முடித்த பிறகு.

யாருடைய வயல்

நாஞ்சில் என்றால் கலப்பை. சங்க காலத்தில் இந்தப் பக்கத்தை ஆண்டவன் நாஞ்சில் வள்ளுவன். பறித்த கீரைக்குச் சேர்க்கக் கொஞ்சம் அரிசி கேட்டதற்கு அவன் யானையைக் கொடுத்துவிட்டான் என்று ஔவையார் அலுத்துக்கொள்ளும் பாட்டு புறநானூற்றில் இருக்கிறது. தாழக்குடி பக்கத்தில் ஔவையாரம்மன் கோயிலில் இன்றைக்கும் ஆடிச் செவ்வாய்க்குப் பெண்கள் கூட்டமாகப் போய்க் கொழுக்கட்டை அவிக்கிறார்கள். கேட்டது ஒன்று, கிடைத்தது ஒன்று என்ற கதை எங்கள் மண்ணிலேயே தொடங்கியது என்று மாமா சொல்லிச் சிரிப்பார்.

திருவிதாங்கூரின் நெற்களஞ்சியம் என்று நாஞ்சில் நாட்டைப் பெருமையாகச் சொல்வதுண்டு. அந்தப் பெருமைக்கு இரண்டு பக்கம் உண்டு. ஒன்று, இங்கே நாட்டார் கூட்டம் என்று ஒன்று இருந்தது. நாஞ்சில் நாட்டைப் பிடாகை என்ற பன்னிரண்டு ஊர்த்தொகுதிகளாகப் பிரித்து, பிடாகைக்காரர்கள் கூடிப் பேசி முடிவெடுத்தார்கள். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், படைகளின் கொள்ளையும் அதற்குமேல் வரியும் சேர்ந்து வதைத்தபோது, வரி கொடுப்பதில்லை என்று கூடித் தீர்மானித்திருக்கிறார்கள். காந்திக்கு இருநூறு வருடம் முந்தைய வரிகொடா இயக்கம் என்று கூட்டங்களில் பேசுவார்கள். எனக்கு அந்த ஒப்புமையில் பெரிய ஆர்வமில்லை. தண்ணீர்ப் பங்கையும் வரியையும் ஊரே கூடிப் பேசும் பழக்கம் இருந்தது என்பதே பெரிய விஷயம்.

இரண்டாவது பக்கம், நட்டவர் யார் என்பது. முதலியார் ஓலைகள் எனப்படும் அழகியபாண்டியபுரத்துப் பழைய ஓலைச்சுவடிகளில் நிலத்தை விற்ற ஆவணங்களோடு ஆளை விற்ற ஆவணங்களும் இருக்கின்றன. அடிமை முறையைத் திருவிதாங்கூர் 1855இல் ஒழித்தது. 1865இல் பட்டம் விளம்பரம் என்ற அரசு அறிவிப்பு மூலம் பண்டாரவகை நிலத்து, அதாவது அரசு நிலத்துக் குடியானவர்களுக்கு உரிமை வந்தது. உழுதவருக்கு வந்தது என்று சொல்லவில்லை. குத்தகைக்கு வைத்திருந்தவருக்கு வந்தது. இரண்டும் வேறு. எங்கள் பத்தில் நாற்று நட்ட பெண்களின் குடும்பங்களில் ஒன்றுக்குக்கூட அந்தப் பத்தில் ஒரு சென்ட் நிலம் இருந்ததாக எனக்கு நினைவில்லை. அவர்கள் பிள்ளைகள் படித்துத் திருப்பூருக்கும் வளைகுடாவுக்கும் போனதை "ஆள் கிடைக்கல்ல" என்று குறையாகச் சொல்லும்போது, நான் வாயை மூடிக்கொண்டுதான் இருக்க வேண்டும்.

நிலம் துண்டுபட்ட கதையும் உண்டு. நாஞ்சில் நாட்டு வேளாளர்களிடம் மருமக்கள்வழி இருந்தது. சொத்து தாய்மாமனிடமிருந்து சகோதரியின் பிள்ளைகளுக்கு. குடும்பத் தலைவரான காரணவர் பெயரில் பிரிக்காமல் மொத்தமாக இருக்கும். சொந்த மனைவி மக்களுக்கு உகந்துடைமை என்று ஒரு சின்னப் பங்கு. இதில் பெண்கள் பட்ட பாட்டைத் தேரூர்க்காரரான கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை கேலியும் கண்ணீருமாக எழுதினார். 1926இல் சட்டம் மாறியது, மாற வேண்டியதும்தான். ஆனால் அப்புறம் பாகப்பிரிவினை வந்தது. ஒரே கண்டமாக இருந்த வயல் நாலு, எட்டு என்று பிரிந்தது. எங்கள் வீட்டு வயலுக்குத் தண்ணீர் வர இப்போது ஐந்து பேர் வரப்பைத் தாண்ட வேண்டும். அதில் இரண்டு பேர் பேசிக்கொள்வதில்லை.

1956 நவம்பர் 1இல் நான்கு தாலுகாக்கள் சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டமாகித் தமிழ்நாட்டோடு இணைந்தன. மேற்கே திருவனந்தபுரம் போய்க்கொண்டிருந்த நெல்லுக்கு நடுவே ஒரு எல்லை வந்தது. மாதக் கணக்கு மட்டும் மாறவில்லை. கன்னி மாதம் அறுக்கும் பயிர் கன்னிப்பூ. கும்ப மாதம் அறுக்கும் பயிர் கும்பப்பூ. கன்னி என்றால் புரட்டாசி, கும்பம் என்றால் மாசி. சரி, இங்கேதான் வழக்கின் மையம்.

நாள் கணக்கு

பாசனத்துக்கு அணை திறக்கும் வழக்கமான காலம் ஜூன் 1 முதல் பிப்ரவரி கடைசி வரை. மார்ச் முதல் மே வரை சானல் காயும். அதற்குள் தூர்வாரி, உடைப்பை அடைத்து முடிக்க வேண்டும்.

கன்னிப்பூவுக்குச் சித்திரை, வைகாசிக் கோடைமழையை நம்பி நாற்று பாவுவார்கள். அம்பை 16 மாதிரி 110, 115 நாள் ரகத்துக்கு நாற்று இருபத்தைந்து நாளைத் தாண்டக்கூடாது. தாண்டினால் கட்டை நாற்று. வேர் பிடிக்கும், தூர் வெடிக்காது. ஜூன் 1 திறந்த தண்ணீர் ஒரு வாரத்தில் மடைக்கு வந்தால், தொழி அடித்து (சேறாக்கி உழுது), ஆனி பிறக்கும் முன்னே நட்டு, புரட்டாசி முதல் பாதியில் அறுத்துவிடலாம். ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை இறங்கும்போது வயல் காலியாகி, கும்பப்பூ நடவுக்குத் தயாராக இருக்கும். இரண்டு பருவமழைக்கும் நடுவே இருக்கிற அந்தச் சின்ன இடைவெளியில் ஒரு அறுப்பையும் ஒரு நடவையும் நுழைத்துவிடுவதுதான் நாஞ்சில் நாட்டு விவசாயத்தின் சாமர்த்தியம் முழுவதும்.

இப்போது தண்ணீர் இருபத்தைந்து நாள் தள்ளி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜூலை முதல் பாதியில் நடுகிறோம். அறுப்பு ஐப்பசியில் போய் விழுகிறது. மழையில் கதிர் சாய்ந்து, சாய்ந்த கதிர் வயலிலேயே முளைக்கிறது. அறுப்பு இயந்திரம் சேற்றில் இறங்க மறுக்கிறது. பெல்ட் வண்டி வேண்டும், அதற்கு மணிக்கணக்கில் கூடுதல் வாடகை. ஈர நெல்லை வியாபாரி அடிமாட்டு விலைக்குக் கேட்கிறான். அது முடிந்து கும்பப்பூ நட கார்த்திகை ஆகிறது. கும்பப்பூவுக்கு எங்கள் ஊரில் விரும்பிப் போடும் டி.பி.எஸ். 3, திருப்பதிசாரம் ஆராய்ச்சி நிலையம் கொடுத்த ரகம். குண்டரிசி, எங்கள் நாக்குக்கு ஏற்றது. ஆனால் 135 நாளுக்குக் குறையாது. கார்த்திகையில் நட்டால் பால் பிடிக்கிற நேரத்தில் பிப்ரவரி முடிந்து அணையை மூடிவிடுவார்கள்.

ஜூனில் தவறிய இருபத்தைந்து நாள் அக்டோபரில் மழையாகவும் மார்ச்சில் வறட்சியாகவும் திரும்பி வருகிறது. ஒரே தவறுக்கு இரண்டு தண்டனை. அதே அணை, அதே அளவு தண்ணீர். சானலின் தலைப்பில் இருக்கிற ஊருக்கு இந்தக் கணக்கே தெரியாது.

நான் தொடக்கத்தில் சொன்ன அந்த வருடம் இப்படித்தான் நடந்தது. சானலில் மே மாதம் முடித்திருக்க வேண்டிய தூர்வாரும் வேலை, தண்ணீர் திறந்த பிறகும் ஒரு இடத்தில் நடந்துகொண்டிருந்தது. அதற்காக ஷட்டரைப் பாதி அடைத்திருந்தார்கள். மேலே வாழைக்காரர்கள் இரவில் மோட்டார் வைத்து எடுத்தார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியவில்லை. காய்ந்த கோடைக்குப் பிறகு வாழைக்கு உடனே தண்ணீர் வேண்டும். நாலைந்து பேர் சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்கு மனுக் கொண்டுபோனார்கள். அங்கிருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். ஏட்டைத் திருப்பிக் காட்டி, "திறந்தாச்சே, இதோ கன அடி எழுதியிருக்கே" என்றார். தலைப்பில் அளந்த கன அடி அது. கடைவரம்பில் அளக்க யாருக்கும் ஏடு இல்லை. ஊர்களுக்கு முறை வைத்துத் தண்ணீர் விடும் முறைப்பாசனம் வைப்போம் என்றார்கள். முறை எங்களுக்கு வந்தபோது நாற்றுக்கு நாற்பது நாள் ஆகியிருந்தது. மாமா அந்த நாற்றையே நட்டார். விதைச் செலவு போனதுபோதும், இன்னொரு தடவை பாவ மனமில்லை.

பக்கத்து வயல்காரர் நடவில்லை. கன்னிப்பூவை விட்டார். அடுத்த வருடம் ஏத்தன் வாழை வைத்தார்.

குளம் எங்கே போயிற்று

இதைப் படிக்கிற தஞ்சாவூர்க்காரருக்கு ஒரு கேள்வி வரும்: கடைமடை எல்லா ஊரிலும் உண்டே, முன்னோர்கள் எப்படிச் சமாளித்தார்கள்? பதில் குளம். இந்தச் சின்ன மாவட்டத்தில் 2,000க்கும் மேற்பட்ட குளங்கள் உண்டு. ஆற்றுத் தண்ணீர் நேரே வயலுக்குப் போகாமல், ஐப்பசியில் குளத்தை நிரப்பி வைத்துவிட்டால், சானல் தாமதித்தாலும் மடையைத் திறந்து நாள் கணக்கைக் காப்பாற்றலாம். குளம் எங்களுக்குச் சேமிப்புக் கணக்கு மாதிரி.

எங்கள் குளத்துக்கு ஆனது: முதலில் மண்டி மேடு தட்டியது. கரையோரம் கொஞ்சம் கொஞ்சமாகத் தென்னை ஏறியது. மீன் ஏலமும் தாமரை ஏலமும் வந்தன. தோவாளை பூச்சந்தைக்குப் போகும் தாமரையில் ஒரு பங்கு இந்தப் பக்கத்துக் குளங்களில் பறித்ததுதான், பார்க்க அழகாக இருக்கும். ஆனால் குளத்தைக் குத்தகைக்கு எடுத்தவருக்குத் தண்ணீர் நிற்க வேண்டும். விவசாயிக்குத் தண்ணீர் இறங்க வேண்டும். மடையை எப்போது திறப்பது என்ற சண்டையில் பிடாகைக் கூட்டம் போல் உட்கார்ந்து தீர்க்க இன்று ஆளில்லை. மடைப்பலகையை ஒரு நாள் யாரோ எடுத்துக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு மணல் மூட்டைதான்.

சுசீந்திரம், தேரூர் குளங்களுக்கு 2022இல் ராம்சர் அங்கீகாரம், அதாவது முக்கியமான ஈரநிலம் என்ற சர்வதேச அங்கீகாரம், கிடைத்தது. அங்கே பறவைகளுக்காக இன்று ஒரு பாதுகாப்பு இருக்கிறது. மகிழ்ச்சிதான். எங்கள் குளத்துக்கு வருவது கொக்கும் நீர்க்காகமும் மட்டும்.

வாழைக்குப் போனவர்கள், மனைக்குப் போனவர்கள்

வாழைக்குத் தேதி முக்கியமில்லை. கிணறோ மோட்டாரோ இருந்தால் பத்து நாள் முன்னே பின்னே தாங்கும். அதனால்தான் கடைவரம்பில் முதலில் வாழை வந்தது. ஏத்தன், ரசகதலி, செந்துளுவன். எங்கள் மாவட்டத்து மட்டி வாழைக்குப் புவிசார் குறியீடுகூடக் கிடைத்துவிட்டது. ஆனால் வாழைக்குக் காற்று எமன். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது ஒரே இரவில் தோட்டம் முழுக்கப் படுத்துவிட்டது. குலை தள்ளியிருந்த மரங்கள்தான் முதலில் போயின. மேற்கே ரப்பர் மரங்கள் நடுவில் முறிந்து கிடந்தன. 2021 நவம்பர் மழையில் மாவட்டத்தில் பல சானல்கள் உடைந்தன, நின்ற பயிர் மூழ்கியது. ஒவ்வொரு அடிக்குப் பிறகும் இரண்டு மூன்று பேர் விவசாயத்தை விட்டார்கள்.

விட்டவர்களின் நிலத்தை வாங்க ஆள் காத்திருந்தார்கள். 1,672 சதுர கிலோமீட்டரில், 2011 கணக்குப்படியே பதினெட்டரை லட்சத்துக்கு மேல் மக்கள். சதுர கிலோமீட்டருக்கு 1,111 பேர். நாகர்கோவில் இப்போது மாநகராட்சி. நான்குவழிச் சாலை வயல் நடுவே போகிறது. கேரளத்தில் நெல்வயலையும் சதுப்பையும் காக்க 2008இல் சட்டம் வந்தது. காவிரி டெல்டாவுக்கு 2020இல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம். எங்களுக்கு அதுவும் இல்லை, இதுவும் இல்லை. இரண்டு பக்கத்துக்கும் நடுவே விட்டுப்போன துண்டு.

இன்னொரு வேடிக்கை. இங்குள்ள பல நெல் ஊர்கள் சட்டப்படி கிராமமே இல்லை. தாழக்குடி, பூதப்பாண்டி, தேரூர், அழகியபாண்டியபுரம் எல்லாம் பேரூராட்சிகள். 2011 மக்கள்தொகைக் கணக்கில் மாவட்டத்தில் நூற்றுக்கு எண்பது பேருக்கு மேல் நகரவாசிகள். பசு மாட்டை ஓட்டிக்கொண்டு வரப்பில் நடக்கும் என் மாமாவும் அதில் ஒருவர். பேரூராட்சி என்பதால் நூறு நாள் வேலை இங்கே கிடையாது. அந்தத் திட்டத்தில் வாய்க்கால் வெட்டலாம் என்று யோசித்துப் போனவர்களுக்கு அலுவலகத்தில் கிடைத்த பதில், "நீங்க டவுன்."

சரி, அப்படியானால் மீதிப் பாதியில் நெல் எப்படி நிற்கிறது? இதை நான் தாமதமாகத்தான் கவனித்தேன். இன்னும் நெல் விளைகிற துண்டுகளில் பெரும்பங்கு கோயில் நிலம். பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்கு, எடுத்து விளைவிக்கிறார்கள். திருவிதாங்கூர் 1811இல் கோயில் சொத்துகளை அரசு நிர்வாகத்தில் எடுத்தது. அன்றைக்கு ஊர்க்காரர்களுக்கு அது பெரிய இழப்பாகத் தோன்றியிருக்கும். இன்றைக்கு விற்க முடியாத நிலம் என்ற ஒரே காரணத்தால் அது வயலாகவே இருக்கிறது. மாமா விளைவிப்பதிலும் முக்கால்வாசி கோயில் பாட்டம்தான். சொந்த நிலத்தில் அவர் மகன் வீடு கட்டிவிட்டான்.

நெல் நிற்கிற துண்டுகளின் நடுவே வாழையும் வீடும் புகுந்ததால் தண்ணீர்ப் பாதை அறுந்திருக்கிறது. வீட்டுக்காரர் ஓடையைக் குழாய் போட்டு மூடினார், குழாய் சின்னது. ஒரு மழைக்கு வீட்டுக்குள் தண்ணீர் போனது. அவரும் நியாயமாகத்தான் கோபப்பட்டார்.

சித்திரையில் முத்தாரம்மன் கோயில் கொடை விழாவுக்கு ஊருக்குப் போயிருந்தேன். கும்பப்பூ அறுத்துக் கையில் காசு இருக்கும், வயலும் காலியாக இருக்கும். அந்த இடைவெளியில்தான் எங்கள் ஊர்களில் கொடை வைப்பார்கள். இந்த முறை வில்லுப்பாட்டு தொடங்கும்போது பத்தில் ஒரு ஓரத்தில் கதிர் இன்னும் பச்சையாக நின்றது. மாமா வரப்பில் உட்கார்ந்து கதிரைக் கையில் உருவிப் பார்த்துக்கொண்டிருந்தார். பாதி பதர். குளத்தில் இருந்து மோட்டார் வைத்து ஒரு தண்ணீர் பாய்ச்சலாமா என்று பக்கத்தில் நின்றவர் கேட்டார். குளத்தில் மீன்காரருடைய தண்ணீர் முழங்கால் அளவு கிடந்தது.

"கேட்டுப் பாக்கணும்" என்றார் மாமா. எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு மீன்காரர் வீட்டுப் பக்கம் நடந்தார்.